மறுநாளின் மருத்துவம்

முத்துக்குளித்துறையின் மருத்துவப் பணி வரலாற்றை எழுதப் புகுவோர் புன்னைக்காயலிலிருந்து தொடங்குவது வழக்கம். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அண்டிரிக் அடிகளார் அங்கே நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனையை அமைத்தார். கடற்கரை மக்களின் காணிக்கை அதனைத் தாங்கிற்று. தமிழுக்கு அச்சுநூல் தந்தவர் என்று அவரைப் போற்றும் நாம், அந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். பிறகு 1870இல் ஸ்ட்ராச்சன் என்னும் மருத்துவர் நாசரேத்தில் தூய லூக்கா மருத்துவமனையைத் தொடங்கினார். அது நம் சகோதரத் திருச்சபையாரின் பணி. இவ்விரண்டு ஊர்களிலிருந்தும் எட்டிவிடும் தொலைவில் உள்ளது சாயர்புரம். 1842இல் ஜி.யு. போப் வந்து கல்விப்பணி ஆற்றிய அவ்வூர், மருத்துவத்தைவிடக் கல்வியாலேயே பெயர் பெற்றது. இன்று அவ்வூர்ப் பெண்ணொருத்தி பெரிய மருத்துவம் நாடினால், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பேருந்தில் சென்று தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய வேண்டும். அக்கல்லூரி தொடங்கியது 2000ஆம் ஆண்டில்.

இத்தகைய வரலாறுகள் யாவும் கட்டியவர் யார், எந்த ஆண்டில் கட்டினார், எவர் பொருளுதவி செய்தார் என்று விரித்துரைக்கும். வந்த நோயாளி மறுமுறை வந்தாரா என்று அவை சொல்வதில்லை. நல்ல சமாரியர் உவமையை நாம் கேட்கும்போதும் இவ்வாறே நேர்கிறது. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டிய காட்சி நம் மனத்தில் நிற்கிறது. மறுநாள் அவர் சாவடிக் காப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததையும், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னதையும் விரைந்து கடந்துவிடுகிறோம். அடிபட்டவரை உயிர்ப்பித்தது முதல்நாள் கட்டு மட்டும்தானா என்பது நம் ஐயம்.

நோயாளிகள் எல்லாரையும் குறித்து இக்கேள்வியைக் கேட்கலாம். இக்கட்டுரையில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைக் குறித்து மட்டும் கேட்கிறோம். 'கற்பழிப்பு' என்னும் சொல்லையே நம் ஏடுகள் நெடுங்காலம் எழுதி வந்தன. குற்றம் ஒருவன் செய்ய, இழப்பும் இழிவும் அவளுடையவை என்று சொல்லாமற் சொல்லும் சொல் அது. அச்சொல் வழங்கிய காலத்தில் மருத்துவமனையும் அவளை ஏறக்குறைய அதே கண்ணோடுதான் பார்த்தது.

நம் நாட்டில் இத்தகைய பெண்ணை மருத்துவர் பார்க்கும் வழக்கம் சிகிச்சைக்காகத் தோன்றியதன்று; நீதிமன்றத்துக்காகத் தோன்றியது. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்ட சட்ட மருத்துவ நூல்களும், அவற்றின் வழியில் 1920இல் வெளிவந்து தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பயின்ற மோடியின் பாடநூலும் மருத்துவருக்குக் கற்பித்தது சான்று தேடுவதையே. உடலில் காயம் உண்டா, எதிர்த்துப் போராடிய அடையாளம் உண்டா, அவள் முன்பே பழகியவளா என்பன அவர் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றிற்கு விடை எழுதிக் கையொப்பம் இட்டவுடன் அவர் பணி முடிந்தது. அறிக்கை காவல் நிலையத்துக்குச் சென்றது. பெண் வீட்டுக்குச் சென்றாள். நாளை என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்ல எவரும் அமர்த்தப்படவில்லை.

1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் நடந்ததை மூத்த வாசகர் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவல் நிலையத்துக்குள்ளேயே காவலரால் சீரழிக்கப்பட்டாள் என்பது வழக்கு. (அவள் பெயரை நாடே எழுதியது; நாம் எழுதவில்லை.) மறுநாள் அவளைச் சோதித்த மருத்துவ அறிக்கை, உடலில் காயம் இல்லை என்றும், இரு விரல்கள் எளிதில் நுழைந்தன என்றும் குறித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தபோது, காயம் இல்லாமை பெருங்காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் உபேந்திர பக்சி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய சட்ட ஆசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடு கொதித்தது, 1983இல் சட்டம் திருந்தியது. ஆனால் அத்திருத்தத்திலும் மருத்துவமனை நோக்கி ஒரு கட்டளை இல்லை.

கடல் கடந்த ஒரு செய்தியை இங்கே இணைத்துப் பார்ப்பது தகும். அதே 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆன் பர்ஜஸ் என்னும் செவிலியர் ஆசிரியையும், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்னும் சமூகவியல் ஆசிரியையும் ஒரு பணியைத் தொடங்கினர். வன்முறைக்கு ஆளானவர் அவசரப் பிரிவுக்கு வந்தால், நள்ளிரவாயினும் அவர்களுக்குத் தொலைபேசி வரும். இருவரும் கிளம்பிச் செல்வர். அதைவிட முக்கியமானது, பின்னர் அவ்வாறு வந்தவர்களை அவர்கள் பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே தொடர்ந்து விசாரித்து வந்தமையாகும். தூக்கமின்மை, கெட்ட கனவு, தனியே வெளியேற அச்சம், உணவு வெறுப்பு என ஒரே வகைத் துன்பங்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பதை அவர்கள் கண்டு 1974இல் எழுதினார்கள். முதல்நாளில் மட்டும் பார்த்திருந்தால் அவர்களும் 'அமைதியாக இருந்தாள், காயமில்லை' என்றே எழுதியிருப்பார்கள்.

நம் தமிழகத்தில் மருத்துவமனைக் கதவே திறக்காத நிகழ்ச்சியும் உண்டு. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கடத்தல் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தனர். பழங்குடிப் பெண்கள் பதினெண்மர் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்கள் கொண்டு செல்லப்பட்டது மருத்துவமனைக்கு அன்று, சேலம் சிறைக்கு. குற்றமே நடக்கவில்லை என்று மறுக்கப்பட்ட நிலையில், உரிய காலத்துச் சோதனையும் மருந்தும் எங்கிருந்து வரும்? 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு அளித்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! நீதி வரத் தாமதம் என்று நாம் பேசினோம், எழுதினோம். அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அவர்களுடைய உடலும் மனமும் என்ன பாடுபட்டன என்று நாம் கேட்டது மிகக் குறைவு.

அதே 1992 செப்டம்பரில் ராஜஸ்தானத்துப் பட்டேரிச் சிற்றூரில், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவர் தாக்கப்பட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை, ஜெய்ப்பூருக்கு அனுப்பினர், அங்கே நீதிபதியின் ஆணை வேண்டும் என்றனர். சோதனை நடந்தபோது இரு நாட்கள் கடந்துவிட்டன. இவ்வழக்கு பின்னர் விசாகா நெறிமுறைகளுக்கு வித்திட்டதை யாவரும் அறிவர். 'போலீஸ் சீட்டு இல்லாமல் தொடமாட்டோம்' என்னும் மருத்துவமனை வழக்கத்தையும் அது அம்பலப்படுத்தியது என்பதைச் சிலரே நினைக்கின்றனர். அவ்வழக்கம் தவறு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கருநாடக வழக்கொன்றில் கூறிற்று. பழக்கம் தீர்ப்பைக் கேட்டு மாறவில்லை.

இதற்கிடையே மருத்துவக் காரணம் ஒன்று மறுவருகையை உயிர்ப்பிரச்சினையாக்கிவிட்டது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அதன்பின் வன்முறைக்கு ஆளான பெண்ணின் துன்பத்துக்கு ஒரு நாட்காட்டியும் சேர்ந்துகொண்டது. தொற்றைத் தடுக்கும் மருந்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், எத்துணை விரைவில் முடியுமோ அத்துணை விரைவில், தொடங்க வேண்டும். இருபத்தெட்டு நாட்கள் விடாமல் உண்ண வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் நாளும், ஒரு மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் போட வேண்டும். இரத்தத்தில் தொற்று உண்டா என்பது உடனே தெரியாது. ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் எனத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கன்றிய காயங்கள் சில முதல்நாள் தெரியாமல் இரண்டு நாளில் தோன்றும். நீதிமன்றம் கேட்கும் காயமே இரண்டாம் வருகையில்தான் கண்ணுக்குப் புலப்படும் என்றால், வேண்டாம் என்று விடப்பட்ட அவ்வருகை வழக்குக்கும் கேடாயிற்று.

2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின்னரே சட்டம் மருத்துவமனையை நோக்கித் திரும்பியது. நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை தந்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், இத்தகைய பெண்ணுக்கு உடனடியாக இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் இவ்விதி தொடர்கிறது. தனியார் என்றால் நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் மருத்துவமனைகளும் அதில் அடங்கும். இதை நம் மருத்துவமனை வரவேற்பறையில் அமர்ந்திருப்பவர் அறிவாரா என்று கேட்டறிவது நன்று.

2014 மார்ச்சில் நடுவண் நல்வாழ்வு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. காவல்துறைக் கடிதம் இல்லாமலே அவள் நேரே வரலாம். சிகிச்சை மட்டும் போதும் என்று சொல்லலாம். எந்தச் சோதனைக்கும் மறுப்புச் சொல்லலாம், அதனால் சிகிச்சை மறுக்கப்படலாகாது. இருவிரல் பரிசோதனை கூடாது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது என்பதே, ஏட்டுக்கும் சோதனை மேசைக்கும் உள்ள தொலைவைக் காட்டும். மறுவருகை பற்றியும் அந்நெறிகள் பேசுகின்றன: இரண்டு நாள் கழித்து, பிறகு மூன்றாம் வாரம், ஆறாம் வாரம். கருவுற்றிருக்கிறாளா, தொற்று உண்டா, மனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். காவலர் தகவல் அறிந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பெண்ணை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். மருத்துவர் ஏழு நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அவள் ஆறாம் வாரம் திரும்பி வர வேண்டும் என்பது மட்டும் நெறி. அறிக்கை வராவிட்டால் கேட்க விசாரணை அதிகாரி உண்டு. அவள் வராவிட்டால் கேட்க எவருக்கும் கடமையில்லை.

அவள் ஏன் வருவதில்லை என்று எண்ணிப் பார்ப்போம். சாயர்புரத்தை ஒட்டிய சிற்றூரில் வாழைத் தோட்டத்துக்கோ, கடலோர உப்பளத்துக்கோ நாட்கூலிக்குப் போகும் பெண் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் அவளோடு காவலர் வந்தார், தாய் வந்தாள், வண்டி வந்தது. மூன்றாம் வாரம் அவை ஒன்றும் இல்லை. ஒருநாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேண்டும். எங்கே போகிறாய் என்று மாமியார் கேட்பாள், நடத்துநர் ஊர்க்காரர். மருத்துவமனையில் எந்த அறைக்குப் போவது? முதல்நாள் பார்த்த மருத்துவர் பயிற்சி மாறிப் போயிருப்பார். சீட்டு எழுதும் இடத்தில் 'என்ன தொந்தரவு?' என்று வரிசையில் நிற்பவர் கேட்க விசாரிப்பார்கள். முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்குப் போகச் சொன்னால், அந்தக் கதவருகே நின்றாலே ஊர் என்ன நினைக்கும் என்று அவள் அறிவாள். ஒரு மாதம் மாத்திரை தின்றால் குமட்டும். வீட்டில் வேறு பொருள் கொள்வார்கள். இவ்வளவும் கடந்து ஒருத்தி வந்தாள் என்றால் அது வியப்பு.

நமக்குத் தொடர் சிகிச்சை தெரியாது என்று யாரும் சொல்ல இயலாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ணும் ஏழை நோயாளி, சானடோரியத்தில் தங்கியவருக்கு ஈடாகக் குணமடைவார் என்று மூன்றே ஆண்டுகளில் உலகுக்குக் காட்டியது. பணியாளர்கள் வீடு தேடிச் சென்றதும் விடாது விசாரித்ததும் அதன் இரகசியம். புதன்கிழமைத் தடுப்பூசிக்கு ஒரு குழந்தை வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வாசலில் வந்து நிற்பார். கருவுற்ற பெண் ஒவ்வொருத்தியின் நாளும் அவர் பதிவேட்டில் இருக்கும். தொடர்ந்து சென்று பார்க்கும் கலையில் தமிழகம் எவருக்கும் இளைத்ததன்று.

ஆயினும் அக்கலையை இங்கே அப்படியே கொண்டுவர இயலாது. காசநோயாளியின் வாசலில் செவிலியர் நின்றால் அது அக்கறை. இவள் வாசலில் நின்றால் அது அறிவிப்பு. அவள் பெயரை வெளியிடுவதே குற்றம் என்று 1983 முதல் சட்டம் இருக்க, வீடு தேடி வரும் நல்லெண்ணமே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்தொடர வேண்டும், ஆனால் பின்தொடர்வது தெரியக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவமனை கட்டியவர்களுக்கு இல்லாத சிக்கல் இது.

சில இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க அரசு 2002இல் இப்பெண்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தளிக்க முடிவு செய்தபின், சில நாள் மருந்து மட்டும் கொடுத்து மீதிக்கு வரச் சொன்ன இடங்களில் பலர் திரும்பவில்லை. இருபத்தெட்டு நாள் மருந்தையும் முதல்நாளே கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. எவ்வளவு எளிய மாற்றம்! அவளை வரவழைப்பதற்கு முன், வரத் தேவையில்லாததைக் குறைப்பது. மும்பையில் சேஹத் அமைப்பு 2008 முதல் மாநகராட்சி மருத்துவமனைகளோடு சேர்ந்து, சான்று சேகரிப்பையும் சிகிச்சையையும் ஆறுதல் உரையாடலையும் ஒரே இடத்தில் இணைத்துக் காட்டியது. 2014 நெறிகளுக்கு அவ்வனுபவம் பெரிதும் உதவியது. 2015இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்களும், 181 என்னும் உதவி எண்ணும் இப்போது தமிழகத்தில் உள்ளன. கட்டடமும் எண்ணும் உள்ளன. சாயர்புரத்துப் பெண்ணுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்று வேண்டும்.

நம் இல்லத்துச் செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில், மயக்கமருந்து கொடுத்துச் சீரழிக்கப்பட்டதாக ஐயுற்ற இளம்பெண்ணைச் சோதிக்க இரு கத்தோலிக்க மருத்துவமனைகள் மறுத்தன. கருத்தடை பற்றிப் பேச வேண்டிவருமே என்னும் தயக்கமே காரணம் எனப்பட்டது. பேராயர் கர்தினால் மைஸ்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கருவுறுதலையே தடுக்கும் மருந்து வேறு, உருவான கருவை அழிக்கும் மருந்து வேறு என்று அவர் விளக்க, 2013 பிப்ரவரியில் ட்ரியரில் கூடிய ஆயர் பேரவை, கத்தோலிக்க மருத்துவமனைகளில் முன்னதை அளிக்கலாம் என அறிவித்தது. கருக்கலைப்பைப் பற்றிய திருச்சபையின் நிலை அதனால் மாறவில்லை.

அந்நிலையில் உறுதியாய் இருப்போர்க்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஐந்தாம் மாதம் வயிறு தெரிந்தபிறகு ஒரு சிறுமியைத் தாய் மருத்துவமனைக்கு இழுத்து வருவதும், நீதிமன்றங்கள் வாரக்கணக்கை எண்ணித் தவிப்பதும் நாம் செய்தித்தாளில் படிப்பவையே. முதல் மூன்று நாளில் ஒரு கதவு திறந்திருந்தால், ஆறாம் வாரம் ஒரு குரல் அழைத்திருந்தால், அவற்றுள் பல அந்நிலைக்கு வந்தேயிரா. உயிரைக் காப்போம் என்பவர் முதல்நாளில் கதவடைத்துவிட்டு ஐந்தாம் மாதத்தில் அறம் பேசுவது நமக்கு உவப்பாயில்லை.

செய்யக்கூடியவை பெரியனவல்ல. வரவேண்டிய நாளைக் குறித்த சீட்டில் நோயின் பெயர் வேண்டாம். பொதுப் புறநோயாளர் சீட்டைப் போலவே அது இருக்கட்டும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று அவளையே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வேறு யாரேனும் எடுத்தால் என்ன சொல்வது என்பதையும் அவளே சொல்லட்டும். மறுமுறையும் அதே செவிலியர் பார்க்கட்டும். பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் மருந்தின் பகுதி என்று கருதப்படட்டும்.

பங்குகளில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கலாமே என்று ஆர்வமுடையோர் கேட்கக்கூடும். வேண்டாம் என்போம். சங்கம் என்றால் கூட்டம். கூட்டம் என்றால் குறிப்பேடு. குறிப்பேடு என்றால் பெயர். ஓர் அருட்சகோதரியோ, ஓய்வு பெற்ற செவிலியரோ ஒருவர் போதும். மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் ஆறாம் மாதமும் சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் உடன் சென்று வருவார். பக்கத்து இருக்கைக்காரர் விசாரித்தால், எனக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், துணைக்கு இவளை அழைத்து வந்தேன் என்று அந்தச் செவிலியர் சொல்லலாம். போகும் நாளில் தமக்கும் ஒரு சீட்டு வாங்கி இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால் அது பொய்யும் ஆகாது.